ஹீத்நிலத்தைக் காக்க ஊர்மக்கள் கைகொடுப்பது எப்படி?

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட், ஹாம்ப்ஷயர், சர்ரே, சசெக்ஸ் ஆகிய கவுண்டிகளில், அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மணல் மண்ணில் ஹெதர் என்னும் குறுஞ்செடியும் கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதரும் படர்ந்து கிடக்கும் திறந்த வெளிகளை ஹீத் என்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் இவ்வெளிகள் ஊதா நிறத்தில் பூத்துக் கிடப்பதைக் காண்பவர்கள், இது மனிதக் கை படாத இயற்கை என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் காடு திருத்தப்பட்டு, அதன்பின் பல்லாயிரம் ஆண்டுகளாக ஆடுமாடுகள் மேய்ந்ததாலும், அடுப்பெரிக்கக் கோர்ஸையும் புல்தரைக் கட்டிகளையும் வெட்டியதாலும், தொழுவத்தில் பரப்பப் பிராக்கன் என்னும் பெரணியை அறுத்ததாலும் உருவாகி நிலைத்த நிலம் இது. ஏழைக் குடியானவர்களின் அன்றாட உழைப்பு நின்றுபோன இடங்களிலெல்லாம் முதலில் பிர்ச் மரமும் பைன் மரமும் முளைத்து, சில பத்தாண்டுகளில் ஹீத் காடாகிவிடுகிறது. உழவு, தோட்டக் காடுகள், வீட்டுமனைகள் ஆகியவை எஞ்சியதை விழுங்கின. 1800-ஆம் ஆண்டில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை.

ஆகவே, வேலி போட்டுப் பூட்டி வைத்துக் காக்கக்கூடிய நிலம் அன்று இது. ஆண்டுதோறும் ஆட்கள் வந்து வேலை செய்தால் மட்டுமே இருக்கும். முன்பு பிழைப்புக்காக நடந்த அந்த வேலையை இன்று சுற்றுவட்டார மக்கள் விரும்பி ஏற்றுச் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவது, எந்தப் பருவத்தில் எதைச் செய்வது, அக்கம்பக்கத்தாரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றை, இப்பணியில் புதிதாக இறங்க விரும்புவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

நிலம் யாருடையது என்பதை முதலில் அறியுங்கள்

நல்லெண்ணத்தோடு கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு பைன் கன்றை வெட்டுவதுகூடச் சட்டமீறலாக முடியக்கூடும். பெரும்பாலான ஹீத்துகள் 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்கீழ் 'சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த தளம்' (எஸ்எஸ்எஸ்ஐ) என்று அறிவிக்கப்பட்டவை. அத்தகைய தளத்தில் மரம் வெட்டுவது, தீயிடுவது, மேய்ச்சலை மாற்றுவது போன்ற பட்டியலிடப்பட்ட செயல்கள் எதையும் நில உரிமையாளர், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதல் பெற்றே செய்யலாம். பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதியும் பல இடங்களுக்கு உண்டு. தேம்ஸ் பேசின் ஹீத்ஸ் என்று வழங்கும் பரப்பு, சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் ஆகிய மூன்று கவுண்டிகளிலும் சிதறிக் கிடந்தாலும், 2005-ஆம் ஆண்டில் ஒரே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி, உட்லார்க் என்னும் வானம்பாடி இனம், நைட்ஜார் எனப்படும் பக்கி ஆகிய மூன்று பறவைகளுக்காகவே அந்த அறிவிப்பு வந்தது.

உங்கள் ஊரையொட்டிய ஹீத் எந்தெந்தத் தகுதிகளைப் பெற்றுள்ளது என்பதை அரசின் 'மேஜிக்' இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது பதிவு பெற்ற பொதுநிலமா என்பதையும் அதிலேயே தேடுங்கள். பொதுநிலம் என்பது எல்லாருக்கும் சொந்தமான நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. ஆனால் கால்நடை மேய்க்கவும், விறகு எடுக்கவும், பிராக்கன் அறுக்கவும் வேறு சிலருக்கு வழிவழியாக உரிமை இருக்கும். உரிமையாளர் உள்ளாட்சி மன்றமாகவோ, நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையாகவோ, கவுண்டியின் வனவுயிர் அறக்கட்டளையாகவோ, பாதுகாப்பு அமைச்சகமாகவோ, தனியாராகவோ இருக்கலாம். நிலத்தை அன்றாடம் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர் யார் என்று தெரிந்துகொண்டால், அரைவாசி வேலை முடிந்ததென்றே சொல்லலாம்.

முன்பே இயங்கிவரும் தன்னார்வக் குழு இருந்தால் அதில் சேருங்கள். ஒரே ஹீத்துக்கு இரண்டு குழுக்கள் போட்டியிட்டுக்கொண்டு நிற்பது யாருக்கும் நன்மை தராது. குழுவே இல்லாத இடத்தில்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்போதும் உரிமையாளரின் எழுத்துமூல இசைவு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இடர் மதிப்பீடு, முதலுதவி கற்ற ஒருவர் ஆகிய நான்கும் அமைந்த பிறகே முதல் வேலைநாளை அறிவிக்க வேண்டும். உரிமையாளரின் தன்னார்வலர்களாகப் பதிவு செய்துகொண்டால் காப்பீடு பெரும்பாலும் அவர்கள் பொறுப்பில் வந்துவிடும் என்பதால், சிறு குழுக்களுக்கு அந்த வழியே எளிது.

மரத்தை வெட்டுவதற்கு முன் ஊரிடம் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். ஹீத் பாதுகாப்பில் தடுமாறி நின்றுபோன திட்டங்கள் பெரும்பாலும் அறிவியல் தவறியதால் நின்றவை அல்ல. ஊரைக் கேட்காமல் தொடங்கியதால் நின்றவை. மரம் நடுவதே இயற்கைக்குச் செய்யும் தொண்டு என்று பள்ளிப் பருவம் முதல் கற்ற மக்களுக்கு, நாள்தோறும் நாயோடு நடக்கும் பாதையில் ஒரு காலையில் முப்பது வயதுப் பைன் மரங்கள் சாய்ந்து கிடப்பது தாங்க முடியாத காட்சி. அவர்கள் கோபம் நியாயமானது. அந்த நிலத்தின்மேல் அவர்களுக்கு உள்ள பற்றிலிருந்து எழுவது. அந்தப் பற்றைத்தான் நாம் துணைக்கு அழைக்க வேண்டும்.

முதல் மரம் வெட்டப்படுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன் பேச்சைத் தொடங்குங்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு, மேடையில் நின்று விளக்குவதைவிட, ரேஞ்சருடன் பத்துப் பன்னிரண்டு பேரை நிலத்துக்கே அழைத்துச் சென்று காட்டுவது மேலான பலன் தருகிறது. நூறாண்டுக்கு முந்தைய நிலவரைபடம் ஒன்றையும், அதே இடத்தில் எடுக்கப்பட்ட பழைய அஞ்சலட்டைப் படங்களையும் கையில் கொடுங்கள். இன்று அடர்ந்த மரச்செறிவு நிற்கும் இடத்தில் தங்கள் பாட்டனார் காலத்தில் தொடுவானம் வரை ஹெதர் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நீண்ட சொற்பொழிவு தேவைப்படாது. அதே நடையில், மரநிழலில் ஹெதர் மெலிந்து செத்துக் கிடப்பதையும், வெயில் படும் மணல்திட்டில் மணல் பல்லி காய்வதையும் அருகருகே காட்டுங்கள்.

கேட்கப்படும் கேள்விகளுக்கு நேரான விடை சொல்லுங்கள். எல்லா மரங்களையும் வெட்டிவிடுவீர்களா என்று கேட்பார்கள். எந்த நல்ல திட்டமும் அப்படிச் செய்வதில்லை. உட்லார்க் ஒற்றை மரத்தின் உச்சியில் அமர்ந்தும் வானில் வட்டமிட்டும் பாடும்; பக்கிக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் வேண்டும்; ஊருக்கும் ஹீத்துக்கும் இடையே ஒரு மரவரிசை, சாலையின் இரைச்சலையும் பார்வையையும் மறைக்கிறது. எந்த மரங்கள் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்போது ஊர்மக்களையே உடன் வைத்து நாடா கட்டச் சொல்லுங்கள். தாம் நாடா கட்டிக் காப்பாற்றிய மரம் நிற்பதைக் கண்டவர், வெட்டப்பட்டவற்றின் காரணத்தையும் பிறருக்கு எடுத்துச் சொல்வார். கார்பன் பற்றிய கேள்வியும் வரும். மரம் கார்பனைச் சேமிக்கிறது என்பது மெய். ஈரமான ஹீத்துகளின் கரிமண்ணும் (பீட் என்னும், மட்கிய செடிகளாலான மண்) சேமிக்கிறது. ஆனால் மரம் வளர இடம் பல இருக்க, இந்தப் பல்லிக்கும் இந்தப் பறவைக்கும் வேறு புகலிடம் இல்லை என்பதையே என் விடையாகச் சொல்வேன்.

மேய்ச்சலும் வேலியும் இன்னும் நுட்பமானவை. எக்ஸ்மூர் குதிரைகளும், ஹைலாண்ட், பெல்டட் காலோவே மாடுகளும் முரட்டுப் புல்லைத் தின்று, பிராக்கனை மிதித்து, மண்ணைக் கிளறிவிடுவதால், எந்த இயந்திரமும் தர முடியாத பலவகைப்பட்ட நில அமைப்பு கிடைக்கிறது. ஆனால் பொதுநிலத்தில் நடமாட்டத்தைத் தடுக்கும் வேலி அமைக்க, 2006-ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி தனி ஒப்புதல் வேண்டும்; அதற்கான விண்ணப்பங்களைப் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்னும் அரசு அமைப்பு விசாரிக்கிறது; ஆட்சேபம் தெரிவிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆகவே வேலி தவிர வேறு வழி உண்டா என்ற கேள்வியை விண்ணப்பத்துக்கு முன்பே ஊரோடு அமர்ந்து ஆராய்ந்துவிடுவது நல்லது. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை அணிந்த மாடுகள், திரையில் வரைந்த எல்லையை நெருங்கும்போது ஒலி கேட்டுத் திரும்பிவிடும் முறை இப்போது பல இடங்களில் வந்திருக்கிறது. வேலியைக் கண்டு கசந்தவர்கள் இதை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். மாடுகளை நாள்தோறும் எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அருகில் வசிக்கும் ஓய்வுபெற்றவர்களிடம் ஒப்படைத்தால், மேய்ச்சலுக்கு ஊரில் முதல் ஆதரவாளர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

மேய்ச்சல் உரிமை பெற்ற குடும்பங்கள் இருக்கும் இடத்தில், அவர்கள் அறிவை முதலில் கேளுங்கள். ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்டில் இன்றும் உரிமையுள்ள குடும்பங்களின் குதிரைகளும் மாடுகளும்தான் அந்தப் பெரும்பரப்பைத் திறந்து வைத்திருக்கின்றன. வெர்டரர்கள் என்ற பழைய அமைப்பு அந்த உரிமைகளை நிர்வகிக்கிறது. சசெக்ஸின் ஆஷ்டவுன் ஃபாரஸ்டில், உரிமைகள் குறித்து நிலப்பிரபுவோடு நடந்த நீண்ட வழக்குக்குப் பின், 1885-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கன்சர்வேட்டர்கள் குழு இன்றளவும் செயல்படுகிறது. மக்களின் பங்கேற்பு என்பது அண்மையில் எழுந்த சிந்தனை என்று நாம் கருத வேண்டியதில்லை.

குளிர்காலம்: கை வேலைக்கான பருவம்

பறவைகள் கூடு கட்டாத, பாம்பும் பல்லியும் நிலத்தடியில் உறங்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே வெட்டுவேலைக்கு உரியவை. கூடு கட்டி வரும் பறவையின் கூட்டைத் தெரிந்தே அழிப்பது குற்றம். டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவியும் உட்லார்க்கும் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அவற்றின் கூட்டருகே தொந்தரவு செய்வதே தண்டனைக்குரியது. உட்லார்க் மார்ச் மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால் பிப்ரவரி முடிவுக்குள் கருவிகளைக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள்.

புதியவர்களிடம் முதலில் பைன் கன்றுகளைக் கொடுங்கள். கீழ்க்கிளைக்கும் கீழே, பச்சை ஊசியிலை ஒன்றும் மிஞ்சாதபடி அறுத்துவிட்டால் பைன் மறுபடி துளிர்ப்பதில்லை, மருந்து தேவையில்லை, ஒரு வில்ரம்பமும் நீண்ட பிடியுள்ள லாப்பர் கத்தரியும் போதும். அரைநாளில் ஒரு பெரும் பரப்பு வெளிச்சமாகிவிடுவதைப் பார்க்கும் மனநிறைவு, அடுத்த மாதமும் அவர்களை வரவழைக்கும்.

பிர்ச் அப்படிப்பட்டதன்று. வெட்டிய அடிமரத்திலிருந்து அடுத்த வேனிலில் ஒன்றுக்கு எட்டாகக் கிளைக்கும். முழங்கால் உயரத்துக்குக் கீழுள்ள கன்றுகளை மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்குவதே சிறந்தது. சற்றுப் பெரியவற்றை நெம்புகோல் போன்ற பிடுங்கு கருவியால் எடுக்கலாம். அதற்கும் பெரியவற்றை வெட்டினால், வெட்டிய உடனே அடிமரத்தில் களைக்கொல்லி பூச வேண்டியிருக்கும். அதைச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே செய்யலாம். சங்கிலி ரம்பத்துக்கும் அதே விதி. பெரிய அளவில் மரம் வெட்டும்போது, மூன்று மாதக் காலாண்டு ஒன்றில் 5 கன மீட்டருக்கு மேல் போனால் வனத்துறை ஆணையத்தின் வெட்டு உரிமம் வேண்டும் என்பதையும், மார்பளவு உயரத்தில் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள கன்றுகளுக்கு அந்த உரிமம் தேவையில்லை என்பதையும் குழுத்தலைவர் அறிந்திருக்க வேண்டும். பொதுவாக அந்த உரிமத்தை நில உரிமையாளரே பெற்றிருப்பார். ஆயினும் ஒருமுறை கேட்டுக்கொள்வது கடமை.

கோர்ஸை ஒட்டுமொத்தமாக ஒழிக்க முற்படாதீர்கள். குளிர்காலத்தில் டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி தெற்கே வெப்ப நாடுகளுக்குப் பறந்து போகாமல் இங்கேயே தங்கி, அடர்ந்த கோர்ஸுக்குள் சிலந்திகளையும் பூச்சிகளையும் தேடித் தின்றே உயிர் பிழைக்கிறது. 1962-63 கடுங்குளிரில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ பத்து இணைகளே எஞ்சின என்றால், அந்த முட்புதரின் அருமை விளங்கும். அடி காய்ந்து உச்சி மட்டும் பச்சையாக நிற்கும் கிழட்டுப் புதர்களை, ஆண்டுக்குச் சில என்ற கணக்கில், மாற்றி மாற்றி அடியோடு வெட்டிவிட்டால், அவை இளந்துளிர்களோடு அடர்த்தியாக மீண்டும் எழும். ஹெதரும் அப்படித்தான், முப்பது நாற்பது ஆண்டுகளில் முதிர்ந்து நடுவே பிளந்துவிடும் செடி அது. சிறு சிறு திட்டுகளாக அறுத்து, இளையதும் முதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி செய்வதே நோக்கம்.

வெட்டிய கிளைகளை அங்கேயே குவித்துவிட்டுப் போவது பெரும் தவறு. இந்த நிலத்தின் செல்வமே அதன் வறுமைதான். மட்கும் கிளையும் மரத்தூளும் மண்ணுக்குச் சத்து சேர்த்து, ஹெதரை நெருக்கிப் புல்லையும் முட்கொடியையும் வளர்க்கும். இழுத்துச் சென்று நிலத்துக்கு வெளியே சேர்ப்பதோ, முன்னரே குறித்த சில இடங்களில் மட்டும், தரையைத் தொடாதபடி உயர்த்திய இரும்புத் தகட்டின்மேல் எரித்துச் சாம்பலை அள்ளிச் செல்வதோ சரியான முறை. சில மரக்குவியல்களைப் பூச்சிகளுக்காக விட்டுவைக்கலாம்; அதை எங்கே என்று ரேஞ்சர் காட்டுவார்.

வெறும் மணலை உண்டாக்குவதும் ஒரு வேலை. தெற்கு நோக்கிய சரிவில் செடிகொடிகளைச் சுரண்டி, சில மீட்டர் பரப்புக்கு மணலைத் திறந்துவிட்டால், வேனிற்காலத்தில் மணல் பல்லி அங்கே குழி தோண்டி முட்டையிடும். தனிவாழ் தேனீக்களும் குளவிகளும் வளை அமைக்கும். ஆனால் மண்ணைக் கிளறும் இந்த வேலைக்கு முன், பாம்புகள் குளிருறக்கம் கொள்ளும் இடங்கள் எவை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மணல் பல்லியும் ஸ்மூத் ஸ்நேக் பாம்பும் உயர்ந்த சட்டப் பாதுகாப்பு பெற்றவை. உரிமம் இல்லாமல் கையில் எடுப்பதும் கூடாது.

வேனிற்காலம்: எண்ணுவதும் கவனிப்பதும்

கருவிகள் ஓய்ந்த மாதங்களில் கண்ணுக்கும் காதுக்கும் வேலை. உடல் உழைப்புக்கு இயலாத முதியவர்களும், வார நாட்களில் வர முடியாதவர்களும் இங்கே முழு அளவில் பங்கேற்கலாம் என்பதால், குழுவுக்கு இது உயிர்நாடி.

ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதத்தில் வந்து சேரும் பக்கி, பகலில் உதிர்ந்த சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். அதைக் கண்ணால் தேடுவது வீண். மே கடைசி முதல் ஜூலை வரை, காற்றில்லாத மாலைப்பொழுதில், கதிரவன் மறைந்த பின் பாதையிலேயே நின்று கேளுங்கள். ராட்டை சுற்றுவதுபோல் விடாமல் நிமிடக் கணக்கில் ஒலிக்கும் ஆண்பறவையின் குரல் வரும். பலர் பல இடங்களில் ஒரே நேரத்தில் நின்று, திசையையும் மணியையும் குறித்துக்கொண்டால், ஒரே பறவையை இருமுறை எண்ணும் பிழை நேராது. பாதையை விட்டு இறங்காதீர்கள். கூடு வெறும் தரையில்தான் இருக்கிறது.

பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு 1976 முதல் நாடு முழுவதும் ஒரே முறையில் நடந்துவருகிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடிய 26 வாரங்கள், வாரத்துக்கு ஒருமுறை, குறித்த ஒரே பாதையில், காலை 10.45-க்கும் பிற்பகல் 3.45-க்கும் இடையே நடந்து, இருபுறமும் 2.5 மீட்டருக்குள்ளும் முன்னால் 5 மீட்டருக்குள்ளும் தென்படுபவற்றை மட்டும் எண்ண வேண்டும். வெப்பம் 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நடப்பதில்லை. 13-க்கும் 17-க்கும் இடைப்பட்டால் வழியில் அறுபது விழுக்காடாவது வெயில் இருக்க வேண்டும். ஒருவரே எல்லா வாரமும் வர இயலாது. மூன்று நான்கு பேர் முறைவைத்துக்கொள்ளுங்கள். ஹீத்துக்கே உரிய சில்வர்-ஸ்டட்டட் ப்ளூ என்னும் நீலன் இனம், இளம் ஹெதரும் கருப்பு எறும்புகளும் ஒருங்கே உள்ள இடத்தில்தான் வாழும். புழுவை எறும்புகள் காத்து நிற்க, பதிலுக்கு அது சுரக்கும் இனிப்பு நீரை அவை அருந்துகின்றன. நீங்கள் குளிர்காலத்தில் அறுத்த திட்டில் சில ஆண்டுகள் கழித்து இந்த நீலன் எண்ணிக்கையில் ஏறுகிறதா என்பதே உங்கள் வேலைக்கான நேர்மையான சோதனை. கணக்கைக் கவுண்டியின் உயிரினப் பதிவு மையத்துக்கும் உரிமையாளருக்கும் ஆண்டுதோறும் அனுப்பிவிடுங்கள்; யாருடைய மடிக்கணினியிலோ உறங்கும் தரவால் ஒரு பயனும் இல்லை.

பிராக்கன் பெரணியை மட்டும் வேனிலிலேயே கவனிக்க வேண்டும். அது முழு உயரத்துக்கு எழும் வேளையில் தண்டை நசுக்கியோ வெட்டியோ, அதே கோடையில் மீண்டும் ஒருமுறை செய்து, சில ஆண்டுகள் விடாது தொடர்ந்தால் வேர்த்தண்டின் சேமிப்பு தீர்ந்து தளரும். கூடு எதுவும் இல்லை என்று ரேஞ்சர் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். கோடை இறுதியில் பிராக்கன் வித்துத்தூள் பறக்கும் காலத்தில் அதற்குள் புகுந்து வேலை செய்ய வேண்டாம்.

உண்ணிகளைப் பற்றி ஒரு சொல். நீண்ட கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்ந்த இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மெல்ல இழுத்தெடுங்கள். அடுத்த வாரங்களில் வட்டமாகப் படரும் சிவப்பு தென்பட்டால் அது லைம் நோயின் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நாயோடு நடப்பவர்களைப் பகைக்காதீர்கள்

ஹீத்தில் மழையிலும் பனியிலும் தினமும் நடப்பவர்கள் அவர்களே. உண்மையில் அந்த நிலத்துக்கு அவர்களைவிட விழிப்பான காவலர் கிடைக்கமாட்டார். அதே வேளையில், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அவிழ்த்துவிட்ட நாய் பெருங்கேடு என்பதும் மறுக்க முடியாதது. 2000-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள 'திறந்த அணுகல்' நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்க வேண்டும். கால்நடை அருகில் இருக்கையில் எப்போதுமே அப்படித்தான்.

சட்டத்தைப் பலகையில் எழுதி நட்டுவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். டார்செட்டில் 'டார்செட் டாக்ஸ்' என்ற அமைப்பு, நாய் வளர்ப்பவர்களையே உறுப்பினராக்கி, அவர்கள் வழியாகவே நன்னடத்தையைப் பரப்புகிறது. உங்கள் குழுவிலும் நாய் வளர்க்கும் ஒருவர் முன்னின்று பேசினால், பேச்சில் கண்டிப்பின் கசப்பு இராது; எங்கே அவிழ்த்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், எங்கே கூடாது என்பதைக் கேட்க ஆள் இருக்கும். எச்சத்தை எடுத்துச் செல்லச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள்: பெல்ஜியத்தின் கென்ட் நகரையொட்டிய இயற்கைக் காப்பிடங்களில் நடந்த ஆய்வு ஒன்று, நாய்க்கழிவால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 கிலோ தழைச்சத்தும் 5 கிலோ மணிச்சத்தும் மண்ணில் சேர்வதாகக் கணித்தது. வறிய மண்ணை நம்பி வாழும் செடிகளுக்கு அது நஞ்சுக்கு ஒப்பானது.

புதிய குடியிருப்புகள் வரும்போதும் மக்களின் குரலுக்கு இடமுண்டு. தேம்ஸ் பேசின் ஹீத்ஸில், பாதுகாப்பு எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய வீடுகள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. 5 கிலோமீட்டருக்குள் கட்டுபவர்கள், புதிதாகக் குடிவரும் ஒவ்வோர் ஆயிரம் பேருக்கும் குறைந்தது 8 ஹெக்டேர் மாற்று நடைவெளியை ஏற்படுத்தவோ அதற்கு நிதி தரவோ வேண்டும். உங்கள் ஊரில் திட்ட விண்ணப்பம் வரும்போது, அந்த மாற்றுவெளி உண்மையில் நடக்கத் தகுந்ததா, நாயை ஓடவிட இடமுள்ளதா என்று போய்ப் பார்த்து, உள்ளாட்சிக்கு எழுதுங்கள். அங்கே நடப்பவர்களின் தேவையை வேறெவரையும்விட நீங்கள் அறிவீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: கையுறை, ரம்பம், தேநீர் இவற்றுக்கு ஊர் மன்றத்தின் சிறு உதவித்தொகை போதும். மேய்ச்சல், அறிவிப்புப் பலகைகள், பள்ளிகளோடு இணைந்த பணி என விரியும்போது தேசிய லாட்டரி மரபுநிதியை அணுகலாம். அதன் சிறிய பிரிவு 10,000 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. விண்ணப்பத்தை உரிமையாளரோடு சேர்ந்தே எழுதுங்கள்.

தீ

கோடைக்காலத்தில் ஒரு ஹீத்துக்கு நேரக்கூடிய பெருங்கேடு தீயே. 2020 மே மாதத்தில் டார்செட்டின் வேரம் ஃபாரஸ்டில் பரவிய தீ 200 ஹெக்டேருக்கு மேல் பொசுக்கியது; பல்லிகளும் பாம்புகளும் ஓடித் தப்ப வழியின்றி மாண்டன; கரிமண் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்ததால் தீயணைப்பு வீரர்கள் பல நாட்கள் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அதே மாத இறுதியில் சர்ரேயின் தர்ஸ்லி காமனும் எரிந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பிக்யூ தட்டுகளும் அணைக்காத முகாம் தீயுமே இத்தகைய தீக்களுக்கு அடிக்கடி காரணம்.

வறண்ட வாரங்களில் குழுவினர் இருவர் இருவராக மாலை நடை செல்லும் முறையை ஏற்படுத்துங்கள். அடுப்பு மூட்டுபவரைக் கண்டால் அமைதியாக, அது பாம்பும் பறவையும் உயிரோடு எரியக்கூடிய இடம் என்று சொல்லுங்கள். வாக்குவாதம் வந்தால் விலகி, ரேஞ்சரை அழையுங்கள். புகை தென்பட்டால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். இடத்தைச் சொல்ல, வரைபடக் கட்ட எண்ணையும் அருகிலுள்ள நுழைவாயிலின் பெயரையும் முன்பே கைபேசியில் சேமித்து வைத்திருங்கள். பெரும் ஹீத்தின் நடுவில் நின்று 'பைன் மரங்களுக்குப் பக்கத்தில்' என்று சொன்னால் வண்டி எந்த வாயிலுக்கு வரும்? தீயை நீங்களே அடித்து அணைக்க முயல வேண்டாம். காற்று திரும்பினால் நொடியில் சூழ்ந்துகொள்ளும். வண்டி நுழையும் வாயிலில் கார்களை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதும், வரும் வீரர்களை வாயிலில் நின்று எதிர்கொண்டு வழிகாட்டுவதும் ஊர்மக்களால் செய்யக்கூடிய பேருதவி.

தீக்குப் பின், மரக்கன்றுகளோடும் விதைப் பொட்டலங்களோடும் நல்ல மனிதர்கள் வருவார்கள். அவர்களை அன்போடு நிறுத்துங்கள். ஹெதரின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெப்பமும் புகையும் பட்டால் அதற்கு முளைக்கும் ஊக்கம் கூடும். தீ ஆழமாகப் போகாத இடத்தில், எதையும் நடாமலே இரண்டு மூன்று ஆண்டுகளில் பசுமை திரும்பும். ஆனால் அதே திறந்த மண்ணில் காற்று கொண்டுவந்து கொட்டிய பிர்ச் விதையும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வந்தவர்களின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, அந்தக் கன்றுகள் கையால் பிடுங்கக்கூடிய உயரத்தில் இருக்கும்போதே, இரண்டாம் குளிர்காலத்தில் அவர்களை அழையுங்கள்.